ஏரிப் பாதையில் ஒற்றைத் தடம்

புதன்கிழமை, மாலை நான்கு நாற்பது.

ஆல்மா ருஸ்கா காரைச் சாலையோரமாகவே நிறுத்திவிட்டு, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பாஸ்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்தபடி, வெர்னர் ஹூஹ்தாவின் ஏரிப் பாதையில் நடந்து இறங்கினாள். புதன்தோறும் அவருக்குப் பாஸ்டி போகும். அவள் விதவை, அவர் எழுபது வயது பிரம்மச்சாரி. பாஸ்டிக்கு என்ன அர்த்தம் என்று ஊர் பல வருடமாக விவாதித்தும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அன்று பகல் இரண்டு மணிக்குத்தான் பனி நின்றிருந்தது. பாதையில் ஒரு சாண் புதுப்பனி. அதன்மேல் ஒரே ஒரு பிக்கப் வண்டியின் தடம். பாதை செங்குத்தாகும் இடத்தில், அந்தத் தடத்துக்குள் யாரோ மஞ்சள் மணலைக் கொட்டியிருந்தார்கள். மணலில் டயரின் அச்சு அழுத்தமாகப் பதிந்திருந்தது. எந்தப் புண்ணியவானோ என்று வாழ்த்திக்கொண்டு ஆல்மா மணல்மேலேயே கால்வைத்து வழுக்காமல் இறங்கினாள்.

வெர்னர் தன் ஏரிக் குடிலின் வாசலில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் அவருடைய கடப்பாரை, ஏரிப் பனியில் மீன்பிடிக்க ஓட்டை போடுவது. பாஸ்டி இன்னும் சூடாக இருந்தது. வெர்னர் இல்லை.

ஷெரிஃப் வந்து சேர்ந்தபோது கூடவே பாதி ஊரும் வந்தது. ஏரிகள் சூழ்ந்த எங்கள் மேல் தீபகற்பத்தில் போலீஸ் ரேடியோ எல்லார் வீட்டுச் சமையலறையிலும் பாடிக்கொண்டிருக்கும். ஷெரிஃபுக்குத் தகவல் கிடைக்கும்போது எங்களில் சிலர் பூட்ஸ் மாட்டி முடித்திருப்போம்.

வந்தவர்களில் முக்கியமானவர் கிளென் ட்ரெவாரோ. வேட்டை, மீன்பிடிச் சங்கத்தின் தலைவர். பனிக்கால மீன்பிடிப் போட்டியில் கோப்பையை வேறு யார் வீட்டு அலமாரிக்கும் போகவிடாதவர். டயரைப் பற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டது கிடையாது. கேட்காதவர் எல்லாருக்கும் அது கிடைத்திருக்கிறது.

"ஷெரிஃப், யாரும் மிதிக்காம நில்லுங்க. இதைப் பாருங்க" என்று கிளென் தடத்தின் பக்கத்தில் குந்தினார். "அம்பு அம்பா தெரியுதா? இது ஒரே திசைல உருள்ற பனி டயர். அம்போட மூக்குதான் முதல்ல தரையத் தொடும், சிறகு அப்புறம்தான். அப்போ மூக்கு எந்தப் பக்கம் பாக்குதோ, வண்டி அங்கேர்ந்து வந்திருக்கு. மூக்கு எங்க பாக்குது?"

"சாலையப் பாத்து" என்றார் ஷெரிஃப்.

"அவ்ளோதான். சாலைலேர்ந்து ஏரிக்கு இறங்கியிருக்கான். திரும்பி ஏறல. ஏரி மேலயே ஓட்டிட்டுப் போயிட்டான். அங்க காத்து பனியக் கூட்டித் தள்ளிடும், கண்ணாடி மாதிரி கிடக்கும். தடம் எங்க விழும்?"

ஷெரிஃபுக்குப் பின்னால் துணை ஷெரிஃப் மார்லிஸ் ஹொல்ம்பெர்க் நின்றிருந்தாள். ஐம்பது வயது, பேச்சுக் குறைவு, வாயில் எந்நேரமும் உப்பு மிட்டாய். அவள் மணலைக் காட்டிக் கேட்டாள்.

"இது?"

"கிழவர் போட்டிருப்பாரு" என்றார் ஷெரிஃப்.

"அவர் அடுப்புச் சாம்பல்தான் போடுவார்."

"சாம்பல் தீந்திருக்கும். மார்லிஸ், ஆளு செத்துக்கிடக்கான், நீ மணலை எண்ணிட்டிருக்கே."

குடிலுக்குள் எதுவும் கலைந்திருக்கவில்லை. கதவோரம் ஒரு வாளி நிறைய மீன். ஒரு ஆள் ஒரு நாளில் பிடிக்க அனுமதி உள்ளதைப் போல் மூன்று மடங்கு. மார்லிஸ் ஒவ்வொன்றாக எடுத்து வாயைத் திறந்து பார்த்தாள். ஒன்றின் வாயிலும் தூண்டில் கிழித்த காயம் இல்லை. செவுளைச் சுற்றி மட்டும் நூல் அறுத்த மாதிரி கோடு. ஷெரிஃபும் மீன்களைப் பார்த்தார். அவர் பார்வை வேறு. அன்று அவர் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை.

இரவுக்குள் மூன்று விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, மூன்று மணிக்கு வெர்னர் உயிரோடு இருந்தார். ஊர்க் கடைக்குப் போன் செய்து, மீன்பிடி, வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரியின் நம்பரைக் கேட்டிருக்கிறார். இரண்டாவது, போன வாரம் பெட்ரோல் பங்கில் நடந்த சண்டை. வெர்னர் தன் பாதையில் விழும் பனியை வண்டியால் தள்ளி, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கர்ட் டெர்வோவின் வாசலில் மலைபோல் குவித்துவிடுவார். எங்கள் பக்கம் ஒருவன் மனைவியைப் பழித்தால்கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. "இன்னொரு தடவை தள்ளிப் பாரு கிழவா, உன்னையே அதுக்குள்ள புதைச்சிடறேன்" என்று கர்ட் கத்தியதை எல்லாரும் கேட்டோம். கேட்காதவர்களுக்கு அன்றே சொல்லியும்விட்டோம்.

மூன்றாவது, கர்ட்டின் பிக்கப்பில் இருப்பதும் அதே அம்பு டயர்தான். போன வருடம் டயர் கடையில் தள்ளுபடி விற்பனை நடந்ததால் ஊரில் பாதி வண்டியில் அதுதான் உருள்கிறது. ஆனால் பாதி ஊர் வெர்னரைப் புதைப்பதாகச் சொல்லவில்லையே.

வியாழன் காலை விசாரணை.

"ரெண்டரை மணிக்கு வேலை முடிஞ்சுது. வீட்டுக்கு வந்தது அஞ்சு மணி. நடுவுல எங்கே?" என்றார் ஷெரிஃப்.

"தொட்டில் வாங்கப் போனேன்" என்றான் கர்ட். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், முப்பது வயதுகூட ஆகவில்லை. "விக்கறேன்னு ஒருத்தர் எழுதிப் போட்டிருந்தாரு. போனா ஆளில்லை. வாசல்ல காத்திருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"நாய் பாத்துச்சு."

"கிண்டலா?"

"இல்ல சார். நெஜமாவே நாய்தான் இருந்துச்சு."

ஷெரிஃப் அவனை உள்ளே வைத்தார். அவனுடைய பிக்கப்பின் நான்கு டயரையும் கழற்றி மாநிலத் தலைநகர ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். வண்டி காவல் நிலையக் கொல்லையில் மரக்கட்டைமேல் மொட்டையாக நின்றது.

கர்ட்டின் மனைவி ஜோலீன் நிறைமாத வயிற்றோடு நிலையத்துக்கு வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"டாக்டர் எந்த நேரமும்னு சொல்லிட்டாரு, மார்லிஸ். ஆஸ்பத்திரி நாப்பது மைல். மலையேத்தத்துல என் கார் ஏறாது. நான் யாரோட போவேன்?"

"ஆம்புலன்ஸ் கூப்பிடு."

"புருஷன் ஜெயில்ல, நான் ஆம்புலன்ஸ்ல. அந்தக் குழந்தைக்கு இந்த ஊர் என்ன பேர் வைக்கும்னு தெரியாதா உனக்கு?"

மார்லிஸுக்குத் தெரியும். எங்கள் ஊர் வைத்த பேர் கல்லறைவரை வரும்.

"அவன் பண்ணலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"கர்ட் கோவத்துல கத்துவான். கத்தி முடிச்சதும் பசிக்குதும்பான். அவ்ளோதான் அவன்."

அது சாட்சி அல்ல. ஆனாலும் மார்லிஸ் வண்டிச் சாவியை எடுத்தாள்.

காவல்துறை பிக்கப்புக்கு மாவட்டம் வாங்கிக் கொடுத்திருப்பது நாலு பருவ டயர். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு ஜதை எதற்கு என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். நாலு பருவ டயர் என்றால் மூன்று பருவத்துக்கு என்று அர்த்தம். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

மார்லிஸ் பழைய தடத்தைத் தொடாமல் ஓரமாகவே இறக்கினாள். இறங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. மீன் வாளியை இன்னொரு முறை பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள். எதிரே வடகரை, அங்கே ஆட்கள் பனிமேல் உட்கார்ந்து மீன்பிடிக்கும் மரக் கூண்டுகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. கிளெனின் கூண்டுதான் பெரியது. பிறகு வண்டியைத் திருப்பி மேலே ஏற்றினாள்.

ஏறவில்லை. பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் இரண்டும் ஊளையிட்டுச் சுற்றின. பின்னால் விட்டு, வேகம் எடுத்து மறுபடி ஏற்றினாள். அதே இடத்தில் அதே ஊளை. கெட்ட வார்த்தை ஒன்றை ஃபின்னிஷ் மொழியில் சொல்லிவிட்டு இறங்கினாள். வண்டியின் பின்பகுதி மிதக்காமல் இருக்கப் பாரத்துக்கு வைத்திருந்த மணல் மூட்டையைக் கத்தியால் கிழித்து, சக்கரத்துக்கு முன்னால் வாரி வாரிப் போட்டாள். வண்டி மணலைக் கடித்துப் பிடித்து ஏறியது.

மேலே நிறுத்திவிட்டு இறங்கி வந்து, தான் போட்ட மணலைப் பார்த்தாள். அதில் தன் டயரின் அச்சு. பக்கத்துத் தடத்தில் நேற்றைய மணல். அதில் அம்பு டயரின் அச்சு. அந்த மணலைச் சுற்றி இருந்த காலடிகள் எங்கிருந்தும் நடந்து வரவில்லை. சக்கரத் தடத்தின் பக்கத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தன. தடத்துக்குள் கால்வைத்த ஆல்மாவின் சின்ன பூட்ஸ் தனி.

மார்லிஸ் வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து முழுங்கினாள். வழக்கமாக அவள் அதைச் சப்பித்தான் தின்பாள்.

வியாழன் மதியம் மூன்று மணிக்கு அவள் கிளென் ட்ரெவாரோவின் வீட்டு வாசலில் இருந்தாள். கிளெனின் பிக்கப் பழையது, பின்சக்கரம் மட்டும் இழுப்பது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி சோம்பேறிகளுக்கு என்பது அவர் கட்சி.

"அந்த டயரைப் பத்திக் கொஞ்சம் பாடம் எடுங்க, கிளென்" என்றாள் மார்லிஸ்.

அதற்குமேல் அவரைத் தூண்ட வேண்டியிருக்கவில்லை. ரப்பர் எவ்வளவு மிருதுவாக இருக்கணும், பல் எவ்வளவு ஆழம், அகலமான டயர் பனிமேல் ஏன் மிதக்கும், ஒடுக்கமானது ஏன் வெட்டி இறங்கும் என்று எல்லாம் வந்தது. மார்லிஸ் குனிந்து சக்கரத்தின் பக்கவாட்டைப் பார்த்தாள். உருளும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக முன்பக்கம் பார்த்தது. மறுபக்கமும் சரி.

"கடையில மாத்தினதா?"

"கடையா! நவம்பர்ல முதல் பனி விழுந்ததும் இதே வாசல்ல நானே மாத்துவேன். நாப்பது வருஷமா. கடைக்காரப் பயலுக்குக் காசு குடுத்து அவன் பேச்சையும் கேக்கணுமா?"

"நேத்து நீங்க ஏரில இருந்தீங்கல்ல?"

"காலைலேர்ந்து. வடகரைலேர்ந்து இறங்கினேன், எல்லாரும் பாத்தாங்க. ரெண்டரைக்கு வடகரை வழியாவே ஏறிட்டேன். மூணே முக்காலுக்குச் சங்கத்துல சீட்டாட்ட மேஜை போட்டுட்டிருந்தேன்."

அது உண்மை. மேஜை போட்டதை நாங்களே பார்த்தோம். மூன்று மணிக்கு உயிரோடு இருந்த வெர்னரைக் கொன்றுவிட்டு, ஏரியைக் கடந்து வடகரை வழியாகச் சுற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெர்னரின் பாதையில் ஏறி வந்தால் கால் மணி. ஆனால் அந்தப் பாதையில் ஏறிய வண்டி எதுவும் இல்லை. தடம் சொல்கிறது, இறங்கியது என்று.

மார்லிஸ் நன்றி சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர்வீடு ஆல்மா ருஸ்காவுடையது. ஆல்மா அழுது முடித்து, ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். துக்கத்திலும் அவள் சமையலறை ஜன்னல் திரை விலகியே இருந்தது.

"காப்பி குடி மார்லிஸ். என்ன, கிளென் உன் காதையும் தின்னுட்டானா?"

"டயர் பாடம்."

"டயர்! இன்னிக்குக் காலைல விடியறப்போவே ஆரம்பிச்சுட்டான். சும்மா திரும்பினேன், கண்ல பட்டுச்சு." ஆல்மாவின் கண்ணில் எல்லாமே சும்மா திரும்பும்போதுதான் படும். "பூஜ்யத்துக்குக் கீழ இருபது. மனுஷன் ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் கழட்டறான். என் புருஷன் இருந்தவரைக்கும் நவம்பர்ல ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு. ஜனவரில ஜாக்கி போட்டவனை இப்பத்தான் பாக்கறேன்."

"பஞ்சரா?"

"நாலும் ஒண்ணாவா பஞ்சர் ஆகும்? இந்தப் பக்கத்துதை அந்தப் பக்கம் உருட்டினான், அந்தப் பக்கத்துதை இந்தப் பக்கம். பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனைச்சேன். ரொட்டி எடுத்துக்கோ."

மார்லிஸ் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. சங்கக் கூடத்தில் வழக்கமான மீன் வறுவல். கிளென் கவசத் துணி கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார். ஷெரிஃப் இரண்டாவது தட்டில் இருந்தார். மார்லிஸ் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர், வெர்னர் கேட்ட நம்பருக்கு உரிய அந்த மீன்பிடிச் சட்ட அதிகாரி. அவர் கையில் ஒரு சாக்கு. சொட்டச் சொட்ட ஈரம்.

"ஷெரிஃப், கர்ட்டை விட்டுடுங்க. வெர்னரைக் கொன்னது கிளென்."

கிளென் சட்டியில் மீனைப் புரட்டிப் போட்டார். பிறகு சிரித்தார்.

"மார்லிஸ், தடத்தைப் பாத்தேல்ல? வண்டி கீழ இறங்கியிருக்கு."

"அம்பு அப்படிச் சொல்லுது. மணல் வேற சொல்லுது" என்றாள் மார்லிஸ். "மணல் தடத்துக்குள்ள இருந்துச்சு, மணல்மேல அதே டயர் அச்சு. காலடி வண்டிப் பக்கத்துல தொடங்கி வண்டிப் பக்கத்துலயே முடிஞ்சுது. அப்போ வண்டில வந்தவன்தான் இறங்கி மணல் போட்டான். ஏன் போட்டான்? சரிவுல இறங்கறதுக்கு எவனாவது சக்கரத்துக்கு மணல் போடுவானா? ஏறத்தான் போடணும். நேத்து நானே போட்டேன்."

"அம்பு எப்படிம்மா பொய் சொல்லும்?" என்றார் ஷெரிஃப், வாயில் மீனோடு.

"டயரைத் திருப்பி மாட்டினா சொல்லும். இடது சக்கரத்தை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாட்டினா, வண்டி முன்னால போறப்போ அம்பு பின்னால போகும். கடையில இந்தத் தப்பு நடக்காது, அவங்க குறியப் பாத்துத்தான் மாட்டுவாங்க. நவம்பர்ல, வீட்டு வாசல்ல, கை விறைக்கறப்போ, யாரையும் கேக்காம மாட்டறவனுக்குத்தான் நடக்கும்."

கூடத்தில் நாலைந்து ஆண்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். அவர்களும் வாசலில் மாட்டுகிறவர்கள்தான்.

"என் டயர் சரியா இருக்கு. நீயே பாத்தே" என்றார் கிளென்.

"பாத்தேன். நேத்துக் காலைல மாத்தினது. புதன் சாயந்தரம் உங்க தடத்தை நீங்களே குனிஞ்சு பாத்தப்போதான், ரெண்டு மாசமா தப்பா ஓடிட்டிருக்கோம்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. தப்பு கை குடுத்துச்சு. ஷெரிஃபுக்குப் பாடம் எடுத்தீங்க. அதோட விட்டிருந்தா எனக்குக் கஷ்டம். விடிஞ்சதும் திருப்பி மாட்டிட்டீங்க."

"யார் சொன்னா?"

"ஜன்னல்" என்றாள் மார்லிஸ். மேஜை மூலையில் ஆல்மா தட்டைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

"அவ சொல்றதெல்லாம் சாட்சியா?"

"வேண்டாம். டயரே போதும். பல்லோட விளிம்பு ஓடற திசைக்குத் தக்க ஒரு பக்கம் தேயும். உங்க டயர்ல இந்தக் குளிரோட புதுத் தேய்மானம், அம்புக்கு நேர் எதிரா இருக்கு. பாடம் எடுத்துட்டிருந்தீங்க, நான் விரலால தடவிப் பாத்துட்டிருந்தேன். உங்க வண்டில பாரத்துக்கு வெச்ச மணல் மூட்டைல ஒண்ணு காலி."

அதிகாரி சாக்கை மேஜைமேல் கவிழ்த்தார். பனிக்கட்டி ஒட்டிய செவுள் வலை. ஏரியில் வலை போடுவது எங்கள் பக்கம் பெரிய குற்றம்; பிடிபட்டால் வேட்டை உரிமம் போகும், வண்டி பறிமுதலாகும், சங்கத் தலைவர் பதவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. கோப்பைகளின் கதையும் வெளியே வரும்.

"உங்க கூண்டுக்கு அடியில, பனிக்குக் கீழ கட்டியிருந்துச்சு" என்றாள் மார்லிஸ். "வெர்னர் இதுலேர்ந்து ஒரு வாளி மீனை எடுத்து வெச்சுட்டு, மூணு மணிக்கு நம்பர் கேட்டாரு. அதை உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு. அவருக்கு நேர்லதான் சொல்லிப் பழக்கம். நீங்க வண்டிய ஏரி மேலயே ஓட்டிட்டு அவர் குடிலுக்கு வந்தீங்க. அடிச்சதுக்கப்புறம் வடகரைக்குப் போனா கூண்டுக்காரங்க கண்ல படணும், நேரமும் ஆகும். அதனால பாதைல ஏறிட்டீங்க."

கிளென் சட்டிக்கு அடியில் தீயை அணைத்தார்.

"கெஞ்சினேன்" என்றார். "நாப்பது வருஷம் தெரிஞ்சவன். கதவை மூடறேன், குளிர் உள்ள வருதுன்னான்."

ஷெரிஃப் விலங்கை மாட்டும்போது கிளென் கவசத் துணியைக்கூடக் கழற்றவில்லை.

அந்த நேரத்தில்தான் கூடத்தின் தொலைபேசி அடித்தது. அழைத்தவள் ஜோலீன். வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருக்கிறது. வெளியே மறுபடி பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கால் மணியில் கர்ட் வெளியே வந்தான். கொல்லையில் தன் பிக்கப் மரக்கட்டைமேல் நிற்பதைப் பார்த்தான். திரும்பி ஷெரிஃபைப் பார்த்தான். கத்தவில்லை, ஜோலீன் சொன்னதுபோல் பசிக்கிறது என்றும் சொல்லவில்லை.

"என் டயர் எங்கே?"

"ஆய்வுக்கூடத்துல" என்றார் ஷெரிஃப். அவர் குரல் இவ்வளவு சிறியது என்று அன்றுதான் தெரிந்தது.

"என் வண்டில போலாம்" என்றாள் மார்லிஸ்.

கர்ட் அந்த டயரைக் குனிந்து பார்த்தான். "இதுலயா? மணல் மூட்டை எங்கே?"

"நேத்துக் கிழிச்சுட்டேன்."

"பின்னால பாரம் இல்லாம ஆஸ்பத்திரி ஏத்தம் ஏறாது."

எல்லாருடைய கண்ணும் மெதுவாக ஷெரிஃபின் வயிற்றுக்குப் போயிற்று. இரண்டு தட்டு மீனையும் சேர்த்தால் முந்நூறு பவுண்டுக்குக் குறையாத மனிதர். அவர் எங்களைப் பார்த்தார், கொட்டுகிற பனியைப் பார்த்தார், கர்ட்டைப் பார்த்தார். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து, பிக்கப்பின் திறந்த தொட்டியில் ஏறினார்.

"பின்சக்கரத்துக்கு நேரா உக்காருங்க சார்" என்றான் கர்ட். "இன்னும் கொஞ்சம் பின்னால. அங்கதான். அசையாதீங்க."

வழியில் ஜோலீனை ஏற்றிக்கொண்டார்கள். நாற்பது மைலும் ஷெரிஃப் அசையவில்லை. ஏற்றம் முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது, செவிலியர்கள் ஜோலீனை முதலில் இறக்கினார்கள். ஷெரிஃபை இறக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. குழந்தை ஒன்பது மணிக்குப் பிறந்தது. பெண். ஊர் ஒரு பேர் வைப்பதற்கு முன்னால் பெற்றவர்களே வெர்னா என்று வைத்துவிட்டார்கள். ஏன் அந்தப் பேர் என்று கர்ட்டிடம் கேட்டோம். அந்தக் கிழவன் இனிமேல் என் வாசலில் பனி தள்ளமாட்டான், அதை நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது என்றான்.